ஸ்டீயரிங்கில் ஆட்டமா? பாகம் வாங்கும் முன் விரலால் தேடுங்கள்

"அண்ணா, ஸ்டீயரிங் லூசா கீது, இன்னான்னு பாரு."

வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்கள் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பார்த்தால் ஒருவருக்கு டயரில் காற்று குறைவாக இருக்கும். இன்னொருவருக்கு வீல் பேலன்ஸ் போயிருக்கும். மூன்றாவது ஆளுக்கு உண்மையிலேயே டை ராட் எண்டின் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் இருக்கும் மூட்டு) பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்று வருகிற நிலையில் இருக்கும். மூன்று பேரும் சொல்வது ஒரே வார்த்தைதான், லூசு. முதல் இருவர் நாளைக்குக்கூட வரலாம். மூன்றாமவர் அந்த வண்டியை வீடு வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது.

முதல் முறையாகக் கார் வாங்கியவர்களுக்காக, முக்கியமாகப் பழைய கார் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் நீங்களே கழற்றி மாட்ட வேண்டியதில்லை. ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். மெக்கானிக்கிடம் போய் "லூசா இருக்கு" என்பதற்கும், "இடது பக்க டை ராட் எண்ட் ஆடுது, அதை மூடுற ரப்பர் பூட்டும் (boot) கிழிஞ்சிருக்கு" என்பதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம் வரும்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கோளாறு அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி பக்கத்திலும் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தப் பாரத்தில் சாலை அமுங்கிப் பள்ளம் விழுகிறது. சின்னக் காரின் முன் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் அடி நேராகப் போய்ச் சேருவது டை ராட் எண்டுக்கும், கிண்ணத்துக்குள் பந்து சுழலும் மூட்டான பால் ஜாயிண்டுக்கும்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு இருப்பதால் நட்டும் போல்ட்டும் சீக்கிரம் துருவேறும். மழை வந்தால் வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் தண்ணீர் தேங்கி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனையிலிருந்தும் ஒரு ஜாயிண்டைக் காப்பாற்றுவது மேலே மூடியிருக்கும் சின்ன ரப்பர் பூட் மட்டும்தான். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் அந்த ஜாயிண்டுக்கு ஆயுசு குறைவு.

ஆட்டம் என்பது என்ன?

ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகக் கை கோத்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளையை இழுத்தால் கடைசிப் பிள்ளையும் உடனே அசைய வேண்டும். நடுவில் ஒருவன் பிடியைத் தளர்த்தியிருந்தால், அவனுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் அசைவார்கள், அந்தப் பக்கம் நிற்பவர்கள் சற்றுப் பொறுத்துத்தான் அசைவார்கள்.

காரிலும் இதேதான். ஸ்டீயரிங் வீல், அதைத் தாங்கும் தண்டான காலம் (column), காலுக்கு அருகில் இருக்கும் யு.ஜே. கிராஸ் என்ற மடங்கும் மூட்டு, சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் ராக் அண்ட் பினியன் (பல் வெட்டிய தண்டும் பல்சக்கரமும்), ராக் என்ற அந்தத் தண்டின் இரண்டு முனையிலும் ராக் எண்ட் என்ற பந்து மூட்டு, அதற்கு வெளியே டை ராட் எண்ட், அப்புறம் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள், கடைசியாகச் சக்கரம். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான். ஸ்டீயரிங் ஆட்டம் தேடுவதில் இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மற்றதெல்லாம் அந்த இடத்தைத் தேடிப் போகிற வழிதான்.

ஆனால் எல்லாக் குறையும் ஆட்டம் ஆகிவிடாது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் பாருங்கள். வண்டி ஒரே பக்கமாக இழுத்தால் டயர் காற்று, அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது என்று அந்த வழியில் போங்கள். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் வண்டி கேட்காமல், இன்னும் கொஞ்சம் திருப்பினால் திடீரென்று கேட்பதும், நேரான சாலையில் ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருப்பதும்தான் ஆட்டத்தின் அடையாளம். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வீலில் 'டக் டக்' என்று கைக்குத் தெரிவதும் அதோடு சேர்ந்தது.

முதலில் ஐந்து நிமிட வேலை

வேறு எதையும் தொடும் முன் வீல் நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். பஞ்சர் போட்ட கடையில் சரியாக முறுக்காமல் விட்ட நட்டு, ஓட்டும்போது அச்சு அசல் ஸ்டீயரிங் லூசு போலவே இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை, சக்கரமே கழன்று போகும். அப்புறம் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். நான்கு டயரிலும் அந்த அளவுக்குப் பிடித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். புகார் அதோடு தீர்ந்தால் நல்லது.

எத்தனை மில்லிமீட்டர்?

தீரவில்லை என்றால் அளக்க வேண்டும். "நிறைய ஆடுது", "கொஞ்சம் ஆடுது" என்ற பேச்சில் யாருக்கும் எதுவும் புரியாது.

வண்டியைச் சமதளத்தில் சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள், பின் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். பவர் ஸ்டீயரிங் வண்டியாக இருந்தால் என்ஜினை ஓட விடுங்கள். நின்ற என்ஜினில் பார்த்தால் வீல் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் சுருண்டு கொடுக்கும், அதை ஆட்டம் என்று நினைத்துவிடுவீர்கள். ஸ்டீயரிங் வீல் விளிம்பில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேராக ஒரு ஸ்கேலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே ஓர் ஆள் முன் டயரைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். நீங்கள் ஒரே விரலால் வீலை மெதுவாக இடது பக்கம் தள்ளுங்கள். டயர் அசையத் தொடங்கியதும் அவர் "ஆங்" என்று சொல்லட்டும். அதே போல வலது பக்கம். இரண்டு குரலுக்கும் நடுவில் அந்தக் கோடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதுதான் உங்கள் ஆட்டம்.

நல்ல நிலையில் உள்ள ராக் அண்ட் பினியன் வண்டியில் இது 10 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகத்தில் 30 மில்லிமீட்டர் வரை வரம்பு கொடுத்திருப்பார்கள். என் கணக்கில் 15 தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும், 30 தாண்டினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதன் புத்தகத்தில் இருக்கும், அதற்கே முதலிடம் கொடுங்கள்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி ஸ்டீயரிங் பற்றியது. ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. 37 சென்டிமீட்டர் அகலமுள்ள வீலில் 30 டிகிரி என்றால் விளிம்பில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்! லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த வரம்பு அது. "விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கு" என்று காரில் அவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் ஓட்டக் கூடாது. அதே விதியில் உள்ள இன்னொரு வரிதான் எனக்குப் பிடித்தது. ஸ்டீயரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். நானும் எந்த வண்டியிலும் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

விரலால் தேடுவது

இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் வீலை ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் என்று சீராக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுசாகத் திருப்பக் கூடாது. இன்னொருவரின் கை உள்ளே இருக்கிறது என்பதை உட்கார்ந்திருப்பவர் மறக்கவே கூடாது. சக்கரம் நான்கும் தரையில் இருக்கட்டும். வண்டியின் பாரம் டயரின் மேல் இருக்கும்போதுதான் ஜாயிண்டுக்கு உண்மையான சுமை வரும், ஆட்டமும் தெரியும். என்ஜின் ஓடுவதால் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். தொங்குகிற துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

தேடுவதை மேலிருந்து தொடங்குங்கள். ஸ்டீயரிங் வீலை மேலும் கீழுமாக அசைத்தால் காலமே ஆடுகிறதா? வீலின் உயரத்தை மாற்றும் டில்ட் லீவர் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம், காலத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையமான புஷ் (bush) தேய்ந்திருக்கலாம். வீலைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே ஏர்பேக் இருக்கிறது, அது தெரிந்த ஆளின் வேலை.

அடுத்து டார்ச்சோடு டிரைவர் காலடியில் குனிந்து பாருங்கள். காலத்தின் அடியில் யு.ஜே. கிராஸ் தெரியும். வீலை ஆட்டும்போது அதன் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். மேலே அசைந்து கீழே தாமதித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கிராஸ் தேய்ந்திருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் தளர்ந்தும் இருக்கலாம். இந்த போல்ட் விஷயத்தில் நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். ஒரு டாக்சி அண்ணனின் வண்டிக்கு அடியில் போய் இரண்டு பக்க டை ராட் எண்டையும் மாற்றினேன். ஆட்டம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் காலடியில் இருந்த அந்த ஒரு போல்ட் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. பழைய எண்டுகள் இரண்டும் நல்ல எண்டுகள். அவருடைய அன்றைய வருமானம் வீணாய்ப் போனது. பாகத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மேலிருந்து கீழே என்ற வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பல சின்னக் கார்களில் மோட்டார் இந்தக் காலத்திலேயே உட்கார்ந்திருக்கும். மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் உண்டு. அது பொடிந்துபோனால் நின்ற இடத்தில் வீலை இடமும் வலமும் அசைக்கும்போதே டாஷ்போர்டுக்கு அடியில் 'டிக் டிக்' சத்தம் வரும். வண்டிக்கு அடியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஆட்டம் இது. பாகம் சின்னது, ஆனால் காலத்தை இறக்கிச் செய்ய வேண்டிய வேலை.

இனி ராக். பானெட்டைத் திறந்தோ சக்கரத்தின் பின்னாலிருந்தோ பார்த்தால் குறுக்கே கிடக்கும் நீளக் குழாய் தெரியும். வீலை ஆட்டும்போது அந்தக் குழாய் முழுசாக இடமும் வலமும் நகர்கிறதா? நகர்ந்தால் ராக் நல்லபடியாக இருக்கலாம், அதைப் பிடித்திருக்கும் மவுண்டிங் புஷ்தான் போயிருக்கும்.

பிறகு டை ராட் எண்ட். இங்கே கண்ணை நம்ப வேண்டாம். நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் மேஸ்திரி ஒருநாள் என் கையைப் பிடித்து ஜாயிண்டின் மேல் வைத்தார். "கண்ணை மூடிக்கோ. இப்ப சொல்லு" என்றார். கட்டைவிரல் நக்கிள் மேலே, ஆள்காட்டி விரல் டை ராட் எண்டின் உடம்பிலே, இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பூட். உள்ளே ஒருவர் வீலை ஆட்டினார். முதலில் எதுவும் தெரியவில்லை. நாலாவது ஆட்டத்தில் இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு சின்ன 'டக்'. ஒரு விரல் முந்தியது, மற்றது பிந்தியது. கண்ணைத் திறந்து பார்த்தால் எதுவுமே அசைகிற மாதிரி தெரியவில்லை. அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. நல்ல ஜாயிண்டில் இரண்டு விரலும் ஒரே பொருளைத் தொடுவது போல இருக்கும். ஒரு நல்ல ஜாயிண்டையும் ஒரு கெட்ட ஜாயிண்டையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள், அந்த வித்தியாசம் ஆயுசுக்கும் மறக்காது.

ராக் எண்ட் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட்டுக்குள் மறைந்திருக்கும். பூட்டை வெளியிலிருந்து அமுக்கி, உள்ளே இருக்கும் பந்தைப் பிடித்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். பூட் கிழிந்திருக்கிறதா, கிளிப் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற ஒரு கார், சில மாதம் கழித்து மணலி பக்கத்திலிருந்து எங்களிடம் வந்தது. பூட்டின் கிளிப்பைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் துருத் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. ராக்கின் பளபளப்பான தண்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியை உள்ளே சுத்தம் செய்து, ஆயில் மாற்றி ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இந்த இரண்டு பூட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, ஒரு ராக்கைக் காப்பாற்றும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

தரையில் பார்த்தது முடிந்தபின் ஒரு பக்கத்து முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். தெரு மணலாக இருந்தால் ஜாக்குக்கு அடியில் தடிப்பான பலகை போடுங்கள். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்கி வைத்துவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உடம்பில் எந்தப் பாகத்தையும் வண்டிக்கு அடியில் நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லை என்றால் இந்தச் சோதனையை ஷெட்டில் செய்துகொள்ளுங்கள்.

கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் வெடுக்கென்று தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டோ ராக் எண்டோதான் பெரும்பாலும். இப்போது 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து அதே போலச் செய்யுங்கள். இங்கே ஆடினால் வீல் பேரிங் அல்லது கீழ் பால் ஜாயிண்ட். இந்த இரண்டையும் பிரிக்க நல்ல வழி ஒன்று உண்டு. உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தால் பேரிங் கரகரப்பும் காதுக்கு வரும்.

சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை நீளமான கம்பி கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் பிளந்திருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் சாயும். முன்பக்கம் முழுதும் இறுக்கமாக இருந்தும் வண்டி அலைந்தால் பின் சக்கரப் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் நெளிவதை ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கில் உணர்வார், முன்பக்கத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ராக் இல்லை, ஸ்டீயரிங் பாக்ஸ். காரைவிடக் கொஞ்சம் ஆட்டம் அதற்கு இயல்பு. பாக்ஸ் மேல் ஒரு ஸ்குரூ இருக்கும், "அதை முறுக்கினா சரியாப்பூடும்" என்று யாராவது சொல்வார்கள். ராக் வண்டியிலும் அப்படி ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் உண்டு. குத்துமதிப்பாக முறுக்கவே முறுக்காதீர்கள். ராக் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவுக்குத் தகுந்த மாதிரி இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். திருப்பத்தில் திருப்பிய வீல் தானாகத் திரும்பி வராமல் அப்படியே நின்றுவிடும். ஆட்டத்தைவிட அது பயங்கரம்.

கண்டுபிடித்த பின்

டை ராட் எண்டில் பந்து கிண்ணத்தை விட்டு மேலும் கீழும் ஏறி இறங்கினால், பால் ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், கிளாம்ப் போல்ட் தளர்ந்திருந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள், இல்லை டோ செய்துகொண்டு போங்கள். பூட் மட்டும் கிழிந்து ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால் சில நாள் அவகாசம் உண்டு, மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பம்பர் வாங்கலாம், விளக்கு வாங்கலாம். டை ராட் எண்டும் பால் ஜாயிண்டும் பழையது வேண்டாம். யாரோ ஒருவர் வண்டியில் எவ்வளவு தேய்ந்தது என்று நமக்குத் தெரியாத பாகத்தின் மேல் குடும்பத்தை உட்கார வைக்க வேண்டுமா?

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்று ஏற்ற வேண்டும். அப்போதுதான் அலைன்மெண்ட் கடை வரைக்கும் வண்டி ஓரளவு நேராகப் போகும். காடி வெட்டிய நட்டாக இருந்தால், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். துளை நேராக வரவில்லை என்றால் நட்டை அடுத்த காடிக்கு இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும், பின்னுக்காகத் தளர்த்தக் கூடாது. நைலான் நட்டாக இருந்தால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. இதெல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட் செய்தால் அந்தக் காசு வீண். எண்ட் மாற்றிவிட்டு அலைன்மெண்ட் செய்யாமல் விட்டால் டயர் வீண்.

வண்டி கைக்கு வந்ததும் டோல்கேட் வரை நிதானமாக ஒரு சுற்று போய்விட்டு வந்து, பழையபடி டேப் ஒட்டி ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வந்த மில்லிமீட்டரையும் தேதியையும் கிலோமீட்டரையும் அந்த டேப்பிலேயே எழுதி டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து வீல் நட்டையும் புதுப் பின்னையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மறுபடியும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் உங்களுக்கே தெரியும்.